இன்டெல் மீளுமா: சிஇஓ நாற்காலியில் இருப்பவர் கையிலா, இயக்குநர் குழு கையிலா?

கேள்வி: 3 டிசம்பர் 2024

சிப் தயாரிக்கும் இன்டெல்லின் சிஇஓ கெல்சிங்கரை அனுப்பிவிட்டார்கள். "ஓய்வு" என்று அறிக்கை, ஆனால் இயக்குநர் குழு நெருக்கித்தான் வெளியேற்றியது என்று செய்திகள். இடைக்காலச் சிஇஓக்களாக நிதித் தலைவர் ஸின்ஸ்னரும் தயாரிப்புப் பிரிவின் ஹோல்ட்ஹவுஸும். போட்டி நிறுவனமான ஏஎம்டிக்குச் சிஇஓவாக லிசா சூ கிடைத்த மாதிரி ஒருவர் கிடைத்தால் மூன்று வருஷத்தில் இன்டெல் நிமிர்ந்துவிடும் என்பது என் கணிப்பு. சரிதானா?

4 டிசம்பர் 2024

அந்த ஒப்பீடு பொருந்தாது. லிசா சூ 2014 அக்டோபரில் பொறுப்பேற்றபோது ஏஎம்டியிடம் ஃபேப் (சிப் தொழிற்சாலை) கிடையாது. 2009-லேயே குளோபல்ஃபவுண்டரீஸ் என்று பிரித்துக் கொடுத்தாயிற்று. அவர் கையிலிருந்தது வடிவமைப்புக் குழு மட்டும். ஸென் என்ற ஒரே கோர் (செயலியின் கணிப்புப் பகுதி) மீது பணத்தைக் குவித்தார், 2017-ல் சந்தைக்கு வந்தது. உற்பத்தித் தொழில்நுட்பத்தை முன்னேற்றும் செலவும் அபாயமும் வேறு நிறுவனங்களின் தலையில் இருந்தன.

இன்டெல் சிஇஓ இரண்டு நிறுவனங்களைச் சேர்த்து நடத்துகிறார். சிப் வடிவமைப்பது ஒன்று, சிப் அடிப்பது இன்னொன்று. இரண்டாவதில் இன்று எடுக்கும் முடிவின் பலன் தெரிய நாலு முதல் ஐந்து ஆண்டு ஆகும். கெல்சிங்கர் 2021 பிப்ரவரியில் வந்தார், அந்த ஜூலையிலேயே திட்டத்தை அறிவித்தார். இன்டெல் 7, இன்டெல் 4, இன்டெல் 3, 20ஏ, 18ஏ என்று நாலு ஆண்டில் ஐந்து நோட் (உற்பத்தித் தொழில்நுட்பத் தலைமுறை). அந்தப் பட்டியலின் கடைசி நோட் பெருமளவு உற்பத்திக்கு வருவதற்கு முன்பே ஆள் போய்விட்டார். மதிப்பெண் வரும் முன்பே மாணவனை வெளியேற்றியாயிற்று. புதிதாக வருபவர் நல்லவரா என்பது இரண்டாவது கேள்வி. ஐந்தாண்டுத் திட்டத்துக்குக் கையெழுத்துப் போட்ட குழுவால் ஐந்தாண்டு உட்கார முடிகிறதா என்பதே முதல் கேள்வி.

4 டிசம்பர் 2024, இரவு

ஒரு சேர்க்கை. மேலே எழுதியதைக் கெல்சிங்கருக்கு வக்காலத்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வாடிக்கையாளர் வருவதற்கு முன்பே ஒஹாயோ, ஜெர்மனியின் மாக்டபர்க், போலந்து என்று கட்டடங்களை அறிவித்தது அவர்தான். 2021-ல் 7,900 கோடி டாலராக இருந்த வருவாய் 2023-ல் 5,420 கோடிக்கு இறங்கிவிட்டது. வருவாய் ஏறும் என்று போட்ட செலவுக் கணக்கு, வருவாய் இறங்கும்போது கழுத்தைப் பிடித்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று 15 சதவீத ஆள்குறைப்பும் டிவிடெண்ட் நிறுத்தமும் ஒரே மூச்சில் வந்தன. மறுநாள் பங்கு 26 சதவீதம் விழுந்தது.

7 டிசம்பர் 2024

"குழுவில் இன்ஜினியர்கள் இல்லை, அதுதான் வியாதி" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி உண்மை. தலைவர் ஃப்ராங்க் யியரி முதலீட்டு வங்கித் துறையிலிருந்து வந்தவர். அவருக்கு முன் தலைவராக இருந்த ஒமர் இஷ்ராக் மருத்துவக் கருவி நிறுவனமான மெட்ட்ரானிக்கை நடத்தியவர். போயிங் நிதித் தலைவராக இருந்தவரும் குழுவில் உண்டு. ஆனால் ட்ஸு-ஜே கிங் லியுவும் அதே குழுவில்தான் இருக்கிறார். சிப்பில் சுவிட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டரின் ஃபின்ஃபெட் வகையை உருவாக்கியவர்களில் ஒருவர். சிப் தெரிந்தவரே இல்லை என்று சொல்ல முடியாது.

அதோடு, இந்தச் சரிவின் வேரான 10 நானோமீட்டர் நோட் சிக்கல் முற்றியது ஃபேப் தளத்திலிருந்தே மேலே வந்த முன்னாள் சிஇஓ பிரையன் க்ர்ஸானிச் காலத்தில். பட்டம் இருந்தால் போதும் என்றால் அது நடந்திருக்கக் கூடாது.

குழுவில் இல்லாமல் போனது வேறு: ஃபேப் திட்ட அறிக்கையை எதிரே வைத்துக்கொண்டு "இந்தத் தேதி ஏன் நகர்ந்தது, இந்த அடுக்கில் குறை எண்ணிக்கை என்ன" என்று கேட்கத் தெரிந்தவர்கள், கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை விடாதவர்கள். அந்த வகையில் இரண்டு நாள் முன்பு வந்த அறிவிப்பு நல்லது. சிப் அச்சிடும் கருவி செய்யும் ஏஎஸ்எம்எல் நிறுவனத்தை 2004 முதல் 2013 வரை நடத்திய எரிக் மெரிஸ், சிப் நிறுவனமான மைக்ரோசிப்பின் ஸ்டீவ் சாங்கி இருவரையும் சேர்த்திருக்கிறார்கள். கருவி விற்றவர் ஒருவர், சொந்த ஃபேபை லாபத்தில் ஓட்டியவர் ஒருவர். இரண்டு வருஷம் முன்பே செய்திருக்க வேண்டியது.

11 டிசம்பர் 2024

10 நானோமீட்டரில் அப்படி என்னதான் நடந்தது என்று கேட்டிருந்தீர்கள். இதை விரிவாகவே சொல்ல வேண்டும். 18ஏ பற்றி யார் என்ன சொன்னாலும் எடைபோட இதுதான் படிக்கல்.

வழக்கமாக ஒரு நோட்டிலிருந்து அடுத்ததற்குப் போனால் டிரான்சிஸ்டர் அடர்த்தி சுமார் இரண்டு மடங்காகும். 10-க்கு இன்டெல் வைத்த இலக்கு 2.7 மடங்கு, அதாவது சதுர மில்லிமீட்டருக்குப் பத்துக் கோடி டிரான்சிஸ்டர். மிகச் சிறிய உலோகக் கோடுகளின் இடைவெளி 36 நானோமீட்டர். இயூவி (மிகக் குறுகிய அலைநீள ஒளி) கருவி இல்லாமல், பழைய 193 நானோமீட்டர் ஒளியை வைத்தே அதை வரைய நாலு மடங்கு பேட்டர்னிங் செய்தார்கள். ஒரே கோட்டுக்காகப் படிதல், பொறித்தல், மறுபடி படிதல், மறுபடி பொறித்தல் என்று நடக்கும். ஒவ்வொரு சுற்றிலும் கோடு சற்றே விலகலாம். சேர்ந்தால் மேல் அடுக்கின் துளை கீழ் அடுக்கின் கோட்டில் உட்காராது. இது போதாதென்று கீழ் அடுக்கு உலோகத்தைத் தாமிரத்திலிருந்து கோபால்ட்டுக்கு மாற்றினார்கள். டிரான்சிஸ்டரை இயக்கும் கேட் மேலேயே நேராகத் தொடர்பு இறக்கும் முறையையும் அதே நோட்டில் நுழைத்தார்கள்.

ஒவ்வொன்றும் தனியாகச் சமாளிக்கக்கூடியதே. மூன்றையும் ஒன்றாக இறக்கியதால், யீல்டு (பழுதில்லாமல் தேறும் சிப் விகிதம்) விழும்போது எது காரணம் என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போனது. 2016 என்றார்கள், 2017 என்றார்கள், பெருமளவில் வந்தது 2019.

இதில் மனம் ஆறாத விஷயம் ஒன்று. 2012-ல் பங்கும் ஆராய்ச்சி நிதியுமாக ஏஎஸ்எம்எல்லுக்குச் சுமார் 410 கோடி டாலர் ஒதுக்கி இயூவி வளர உதவியதே இன்டெல்தான். 2019-ல் பிறருக்குச் சிப் அடித்துத் தரும் தைவானின் டிஎஸ்எம்சி இயூவியை வைத்துச் சிப் அடித்துத் தள்ளிவிட்டது. இன்டெல்லின் முதல் இயூவி சிப் 2023 கடைசியில் வந்தது. கையில் வெண்ணெய் இருக்க நெய்க்கு அலைந்த கதை.

12 டிசம்பர் 2024

அப்போது பணம் எங்கே போனது? 2018-ல் 1,070 கோடி, 2019-ல் 1,360 கோடி, 2020-ல் 1,420 கோடி டாலர் என்று பைபேக், அதாவது சொந்தப் பங்கைத் திரும்ப வாங்குவது. மூன்று ஆண்டில் சுமார் 3,850 கோடி. டிவிடெண்ட் தனி. 10 தடுமாறிக்கொண்டிருந்த, 7 நானோமீட்டரும் தாமதம் என்று 2020 ஜூலையில் அன்றைய சிஇஓ பாப் ஸ்வான் அறிவித்த அதே ஆண்டுகள். பைபேக்குக்கு ஒப்புதல் தருவது குழுதான், சிஇஓ தனியாகச் செய்ய முடியாது. இன்டெல் பற்றி யாராவது "தலைமைக் கோளாறு" என்றால் இந்த மூன்று எண்களைக் காட்டுங்கள்.

30 ஜனவரி 2025

ஆண்டுக் கணக்கு வந்துவிட்டது. 2024 வருவாய் 5,310 கோடி டாலர், நிகர நஷ்டம் சுமார் 1,880 கோடி. மூன்றாம் காலாண்டு மட்டுமே 1,660 கோடி நஷ்டம், அதில் பெரும்பகுதி சொத்து மதிப்புக் குறைப்பு. அந்தப் பகுதி ரொக்கமாக வெளியே போனதல்ல. சிப் அடித்துத் தரும் ஃபவுண்டரிப் பிரிவின் செயல்பாட்டு நஷ்டம் சுமார் 1,340 கோடி, அங்கேதான் ரத்தம் கசிகிறது.

2 பிப்ரவரி 2025

யீல்டு எண்ணை எப்படிப் படிப்பது என்று கேட்டவருக்கு.

18ஏ-யின் குறை அடர்த்தி சதுர சென்டிமீட்டருக்கு 0.40-க்குக் கீழே வந்துவிட்டதாக 2024-ல் கெல்சிங்கர் சொன்னார். நல்லதா கெட்டதா என்பது டையின் (ஒரு சிப் துண்டின்) அளவைப் பொறுத்தது. எளிய கணக்கு: நல்ல டை விகிதம் = e^(−குறை அடர்த்தி × பரப்பு).

300 மில்லிமீட்டர் வேஃபரில் (சிப் அடிக்கும் வட்டச் சிலிக்கான் தகடு) 1 சதுர செ.மீ. டை சுமார் 640 அடங்கும். 0.40-ல் 67 சதவீதம் தேறும், அதாவது 430 டை. லேப்டாப் சிப்புக்குத் தொடக்கத்தில் இது தாக்குப்பிடிக்கும். அதே வேஃபரில் 6 சதுர செ.மீ. பெரிய ஏஐ டை அடித்தால் 90 தான் அடங்கும், தேறுவது 9 சதவீதம். எட்டு டை! அந்த விலைக்கு யாரும் வாங்கமாட்டார்கள். குறை அடர்த்தி 0.20-க்கு இறங்கினால் அந்த எட்டு 27 ஆகும். 0.10 என்றால் 49.

ஆகவே "யீல்டு இத்தனை சதவீதம்" என்று டை அளவு சொல்லாமல் வரும் செய்தியைக் கடந்துபோய்விடுங்கள். இன்னொன்று, இது கச்சாக் கணக்கு. நிஜத்தில் பழுதான கோரை மூடிவிட்டு மலிவு மாடலாக விற்பார்கள், மெமரிப் பகுதியில் உபரி வரிசைகள் இருக்கும், பெரிய சிப்பைச் சிறு துண்டுகளாக வெட்டி ஒட்டுவார்கள். எண் இதைவிடக் கொஞ்சம் மேலே நிற்கும். மறுபக்கம், குறையே இல்லாத டையும் வேகம் பத்தாமலோ மின்கசிவு கூடியோ கழிக்கப்படலாம். அந்த இழப்பு குறை அடர்த்தியில் தெரியாது.

14 மார்ச் 2025

புதிய சிஇஓ லிப்-பு டான். 18-ம் தேதி பொறுப்பேற்கிறார்.

2009 முதல் 2021 வரை சிப் வரையும் மென்பொருள் விற்கும் கேடன்ஸ் நிறுவனத்தின் சிஇஓ. இந்த வேலைக்கு இது மிகப் பொருத்தமான தகுதி என்பது என் மதிப்பீடு. வெளி வாடிக்கையாளர் இன்டெல்லிடம் தயங்குவதற்குப் பெரிய காரணம் பிடிகே, அதாவது ஒரு நோட்டில் சிப் வரையத் தேவையான விதிகள், மாடல்கள், செல் நூலகங்களின் தொகுப்பு. பல்லாண்டு இன்டெல் தன் வீட்டுக்குள் மட்டும் செல்லும் கருவிகளில் வேலை செய்தது. வெளியாள் கேடன்ஸிலும் சினாப்சிஸிலும் வரைகிறார். அவருக்கு யுஎஸ்பி, டிடிஆர், பிசிஐஇ போன்ற தயார்நிலை ஐபி (வாங்கிப் பொருத்தும் சிப் பகுதிகள்) அந்த நோட்டில் சோதித்துக் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் டிரான்சிஸ்டர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் போய்விடுவார். மேசையின் அந்தப் பக்கத்தில் பன்னிரண்டு ஆண்டு உட்கார்ந்தவர் டான்.

2022 செப்டம்பரில் இதே குழுவில் சேர்ந்து 2024 ஆகஸ்டில் விலகியவர் என்பதையும் மறக்கக் கூடாது. நேரமின்மை என்று இன்டெல் சொன்னது. ஆள்பெருக்கமும் முடிவெடுப்பதில் மந்தமும் பற்றிய கருத்து வேறுபாடு என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. யாருடைய பேச்சைக் கேட்காமல் விட்டார்களோ அவரையே ஏழு மாதத்தில் சிஇஓவாக அழைத்திருக்கிறார்கள். சொந்தப் பணத்தில் 2.5 கோடி டாலருக்குப் பங்கு வாங்கவும் அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

19 மார்ச் 2025

"வடிவமைப்பையும் ஃபவுண்டரியையும் பிரித்துவிட்டால் முடிந்தது" என்பவர்களுக்கு. முன்னாள் இயக்குநர்கள் நாலு பேர் அக்டோபரில் இதைத்தான் எழுதினார்கள். முன்னாள் சிஇஓ க்ரெய்க் பாரெட் நேர் எதிர்: பிரிக்காதே, குழுவை மாற்று என்கிறார். நான் பாரெட் பக்கம்.

பிரித்தால் ஃபவுண்டரியின் நஷ்டத்தை யார் சுமப்பது? அதன் வருவாய் கிட்டத்தட்ட முழுவதும் இன்டெல் தனக்குத் தானே கொடுக்கும் ஆர்டர். தனி நிறுவனமானால் குறைந்தபட்சம் இத்தனை வேஃபர் வாங்குவேன் என்ற ஒப்பந்தம் போட்டாக வேண்டும். ஏஎம்டி அதைத்தான் குளோபல்ஃபவுண்டரீஸோடு போட்டது. 2012-ல் ஒரு தளர்வு பெறவே 42.5 கோடி டாலர் கொடுத்து, மீதமிருந்த பங்கையும் விட்டுக்கொடுத்தது. பிரிந்துபோன ஃபேப் 2018-ல் 7 நானோமீட்டரையே கைவிட்டது. ஐபிஎம் தன் ஃபேப்களை விற்கவில்லை, 150 கோடி டாலர் கையில் கொடுத்து ஒப்படைத்தது.

வடிவமைப்புப் பக்கத்தை விற்பதும் சுலபமல்ல. ஏஎம்டியோடு உள்ள x86 (பிசி, சர்வர் சிப்புகளின் கட்டளை மொழி) உரிமப் பரிமாற்றம் கட்டுப்பாடு கைமாறினால் முடிவுக்கு வரும்படி 2009-ல் எழுதப்பட்டது.

26 ஜூலை 2025

இந்த வார அறிவிப்பில் ஆள்குறைப்புத்தான் தலைப்புச் செய்தி: ஆண்டு இறுதிக்குள் 75,000 பேர், மேலாண்மை அடுக்குகள் பாதியாகக் குறைப்பு. மாக்டபர்க்கும் போலந்தும் ரத்து, ஒஹாயோ இன்னும் மெதுவாக.

எனக்குக் கனமாகப் பட்டது வேறு இரண்டு. ஒன்று, பெரிய சிப் எதுவும் டான் பார்த்து ஒப்புக்கொள்ளாமல் டேப்-அவுட் ஆகக் கூடாது, அதாவது வரைபடம் முடிந்து ஃபேபுக்குப் போகக் கூடாது என்ற விதி. டேப்-அவுட்டில் ஒரு பிழை தப்பினால் மாஸ்க் (சிப் வரைபட அச்சு) மறுபடி செய்ய வேண்டும், வேஃபர் ஃபேபைச் சுற்றிவர மூன்று நாலு மாதம், பிறகு சோதனை. இரண்டு முறை இப்படிச் சுற்றினால் ஒரு வருஷம் காலி. 2021-க்கு என்றிருந்த சஃபையர் ராபிட்ஸ் சர்வர் சிப் 2023 ஜனவரியில் வந்தது இந்த வகைச் சுற்றலால்தான். அந்த இடைவெளியில் சர்வர் சந்தையை ஏஎம்டி கடித்துக்கொண்டது. ஆனால் சிஇஓ ஒருவரே வாயில்காப்பாளராக நிற்பது நெடுநாள் தீர்வல்ல. ஒரு வருஷத்தில் அந்தப் பழக்கம் கீழே இறங்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் மேசையே நெரிசலாகிவிடும்.

இரண்டு, ஒழுங்குமுறை அறிக்கையில் ஒரு வாக்கியம்: 18ஏ-க்கு அடுத்த நோட்டான 14ஏ-க்குப் பெரிய வெளி வாடிக்கையாளர் கிடைக்காவிட்டால் அதை நிறுத்திவைக்கவோ கைவிடவோ நேரலாம். பிப்ரவரியில் நான் 18ஏ-யை வைத்தே எல்லாம் எழுதினேன். இந்த வாக்கியத்துக்குப் பிறகு எடை 14ஏ பக்கம் சாய்கிறது. 18ஏ இன்டெல்லின் சொந்தச் சிப்புகளைக் காப்பாற்றும் நோட். ஃபவுண்டரி என்ற தொழில் இருக்குமா என்பது 14ஏ-யில் தெரியும். அந்தக் காலாண்டில் வெளி வாடிக்கையாளர் வருவாய் 2.2 கோடி டாலர். ஃபவுண்டரியின் மொத்தம் 440 கோடி.

27 ஜூலை 2025

"அப்படி வெளிப்படையாக எழுதினால் எந்த வாடிக்கையாளர் வருவார்?" நியாயமான கேள்வி, என்னையும் உறுத்துகிறது. ஆறு வருஷம் ஓடவேண்டிய சிப்பை, கைவிடப்படலாம் என்று அறிவிக்கப்பட்ட நோட்டில் யார் வரைவார்? மறுபுறம், ஆர்டர் இல்லாமல் கட்டடம் எழுப்பும் பழைய தவறு இதோடு நிற்கிறது. டிஎஸ்எம்சியில் நிறுவனர் மோரிஸ் சாங் 2009-ல் திரும்பி வந்து மறு ஆண்டே மூலதனச் செலவை 270 கோடியிலிருந்து 590 கோடி டாலராக ஏற்றினார். அவரால் முடிந்ததற்குக் காரணம், வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே வாசலில் நின்றார்கள்.

25 ஆகஸ்ட் 2025

இன்டெல்லில் அமெரிக்க அரசுக்கு 9.9 சதவீதப் பங்கு. 43.33 கோடி பங்கு, ஒன்று 20.47 டாலர், மொத்தம் 890 கோடி. இதில் 570 கோடி உள்நாட்டுச் சிப் உற்பத்திக்கு உதவும் சிப்ஸ் சட்டத்தில் ஏற்கெனவே ஒதுக்கி இன்னும் தராத மானியம், 320 கோடி பாதுகாப்புத் துறைத் திட்டத்துக்கு உரியது. மானியமாக வரவேண்டியது பங்குக்கு விலையாக வந்திருக்கிறது. பங்குதாரருக்கு நீர்த்துப்போதல், கம்பெனிக்கு மைல்கல் நிபந்தனைகள் பெரும்பாலும் தளர்ந்து ரொக்கம் முன்னதாகக் கிடைப்பது.

குழுவில் அரசுக்கு இடம் கிடையாது, சில விதிவிலக்கு தவிர குழுவோடு சேர்ந்தே வாக்களிக்கும். ஆனால் ஒரு வாரண்ட் இருக்கிறது: ஃபவுண்டரியில் இன்டெல்லின் பங்கு 51 சதவீதத்துக்குக் கீழே போனால் இன்னும் 5 சதவீதத்தை 20 டாலர் விலையில் அரசு எடுத்துக்கொள்ளலாம். மார்ச்சில் பேசிய பிரிவினை விவாதத்துக்கு இத்தோடு பூட்டுப் போட்டாயிற்று.

ஒரு வேஃபர்கூட இதனால் ஆர்டராகவில்லை.

20 செப்டம்பர் 2025

ஏஐ சிப் நிறுவனமான என்விடியா இன்டெல்லில் 500 கோடி டாலர் முதலீடு, பங்கு ஒன்று 23.28 டாலர். கவனியுங்கள், இது தயாரிப்பு ஒப்பந்தம். இன்டெல் x86 சிப்பை என்விடியாவின் இணைப்பு முறையோடு கட்டித் தரும், பிசிக்கு இரண்டையும் ஒட்டிய சிப் வரும். என்விடியா தன் ஜிபியுவை இன்டெல் ஃபேபில் அடிப்பதாகச் சொல்லவில்லை.

25 அக்டோபர் 2025

"மூன்றாம் காலாண்டில் 410 கோடி லாபம், மீண்டுவிட்டதே?"

இல்லை. பங்குக்கு 90 சென்ட் என்பதில் ஒருமுறை வரவுகளை நீக்கினால் 23 சென்ட்தான். சிப் நிறுவனமான ஆல்டெராவை 2015-ல் 1,670 கோடிக்கு வாங்கி, 875 கோடி மதிப்பில் 51 சதவீதத்தை முதலீட்டு நிறுவனமான சில்வர் லேக்கிடம் விற்றதன் கணக்குப் பதிவும் இந்த லாபத்துக்குள் இருக்கிறது. ஃபவுண்டரி இந்தக் காலாண்டிலும் 230 கோடி நஷ்டம்.

நிஜமான நல்ல செய்திகள்: அரிஸோனாவில் ஃபேப் 52 ஓடத் தொடங்கிவிட்டது, 18ஏ-யில் பாந்தர் லேக் என்ற லேப்டாப் சிப் உற்பத்தியில் இருக்கிறது. ஆனால் அதன் யீல்டு சப்ளைக்குப் போதும், லாபத்துக்குப் போதாது என்று ஸின்ஸ்னரே சொல்கிறார். தொழில்துறை ஏற்கும் அளவு 2027 வாக்கில். பிப்ரவரிக் குறிப்பிலுள்ள கணக்கை இதோடு சேர்த்துப் பாருங்கள்: வாடிக்கையாளரின் பெரிய டை அதுவரை இந்த நோட்டில் லாபமாக வராது.

இனி ஒவ்வொரு காலாண்டும் மொத்த லாபத்தைப் பார்க்கும் முன் நான் தேடுவது மூன்று வரி. ஃபவுண்டரி வெளி வருவாய், காலாண்டுக்குச் சில கோடி என்ற நிலையிலிருந்து நூறு கோடிகளுக்கு ஏறுகிறதா. 14ஏ பிடிகேயின் ஆரம்பப் பதிப்பை எடுத்தவர்கள் சோதனைச் சிப்பு வரை போகிறார்களா. மூலதனச் செலவில் 14ஏ-க்கென்று கருவி ஆர்டர் ஏறுகிறதா. ஒப்பந்தம் இல்லாமல் அந்தக் கொள்ளளவைக் கட்டமாட்டோம் என்று சொல்லிவிட்டதால், வாடிக்கையாளர் பெயரை வெளியிடாவிட்டாலும் கையெழுத்து விழுந்ததா என்பதை மூன்றாவது வரி காட்டிக்கொடுத்துவிடும்.